"அக்கா, இது உங்க பண்டிகைதானே?"

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் வந்த மெசேஜ் இவ்வளவுதான்: '31-ம் தேதி வெள்ளிக்கிழமை ஹாலோவீன் கொண்டாட்டம். குழந்தைகளைக் கறுப்பு டிரஸ், பேய் மாஸ்க் போட்டு அனுப்பவும். போட்டோ எடுக்கப்படும்.'

அருப்புக்கோட்டையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளி அது. மெசேஜ் வந்த ஐந்தாவது நிமிஷம், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்குத் தனியாக இன்னொரு மெசேஜ். அனுப்பியவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அம்மா. "அக்கா, இது உங்க பண்டிகைதானே? டிரஸ் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க."

அக்கா சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். நூற்பாலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். பையன் ஒன்றாம் வகுப்பு. "என்னத்தச் சொல்ல? எங்க பண்டிகைன்னு சொன்னா எங்க அத்தை வீட்டுக்குள்ள விட மாட்டாக. இல்லைன்னு சொன்னா, அப்ப எதுக்கு நீங்க மட்டும் இவ்வளவு யோசிக்கிறீங்கன்னு கேப்பாக. ரெண்டு நாளா பதிலே போடலை" என்றார் போனில்.

பெயரளவில் அது கிறிஸ்தவப் பண்டிகைதான். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள். 'ஹாலோ' என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். அவர்கள் திருநாளுக்கு முந்தைய மாலை என்பதுதான் சுருங்கி ஹாலோவீன் ஆனது. நவம்பர் 2, நம் எல்லோருக்கும் தெரிந்த கல்லறைத் திருநாள். ஆனால் பேய் வேஷமும் முகம் செதுக்கிய விளக்கும் சர்ச் சொல்லிக்கொடுத்தவை அல்ல. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவில் ஆவிகள் நடமாடும் என்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராமங்களில் ஒரு நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அவர்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஐரிஷ்காரர்களோடு அந்தப் பழக்கமும் அமெரிக்காவில் பெரிதாகப் பரவியது. அங்கே டர்னிப்பின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது.

அக்காவின் சபையை இந்த வானம் பார்த்த பூமிக்குக் கொண்டுவந்தவர்களும் அமெரிக்கர்கள்தான். 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன், திருச்சுழி பக்கம் மண்டபசாலை வரை வந்து வேலை செய்தது. (திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.) ஆனால் அந்த மிஷனரிகளின் சபை மரபு பியூரிட்டன்களிடமிருந்து வந்தது. அவர்கள் கிறிஸ்துமஸையே ஏற்காதவர்கள். 1659-லிருந்து 1681 வரை மசாசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம்! அந்த வழியில் வந்தவர்களா மண்டபசாலைக்கு ஹாலோவீனை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்? அது யூடியூபிலும் கார்ட்டூனிலும் ஏறி வந்தது. அக்காவுக்கும் பக்கத்துத் தெரு அம்மாவுக்கும் அது ஒரே அளவு அந்நியம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மார்ட்டின் லூத்தர் 1517-ல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய நாளாக சபைகள் நினைவுகூர்வதும் இதே அக்டோபர் 31-ஐத்தான். அக்காவிடம் சொன்னேன். "அப்ப லூத்தர் வேஷம் போட்டு அனுப்பவா?" என்று சிரித்தார்.

அத்தைதான் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பேய் வேஷமா?" என்றதோடு பேச்சை முடித்துவிட்டார். வயசானவர், கொஞ்சம் கறார் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

அத்தை வளர்ந்தது திருச்சுழி பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். பொழுது சாய்ந்தால் ஓடைக்கரைப் புளியமரத்துப் பக்கம் யாரும் போக மாட்டார்களாம். காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு முன்னால் கோடாங்கி வருவார். அத்தையின் மூத்த அக்கா பத்து வயதில் காய்ச்சலில் பிதற்றியபோது, பேய் பிடித்துவிட்டது என்று உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, மூன்று நாள் கழித்துத்தான் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பம் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்திருக்கிறது.

"எங்க அத்தைக்கு ஏசு சாமின்னா, முதல்ல அந்தப் பயம் போனதுதான். இப்ப பேரன் அதே பேயை மூஞ்சியில மாட்டிக்கிட்டு வந்து நின்னா, அவுகளுக்கு எப்படி இருக்கும்?"

பேய் ஓட்டும் ஜெபக் கூட்டங்கள் இன்றைக்கும் நடக்கின்றன. பயத்தை ஒழித்துவிட்டோம் என்று எந்த மதக்காரரும் மார்தட்ட முடியாது. ஆனால் ஒரு வீட்டில் பேயின் பேரால் ஒரு பிள்ளை போயிருந்தால், அங்கே அது பிளாஸ்டிக் பொம்மையாக மாற அவ்வளவு சீக்கிரம் முடியாது.

அக்காவின் மனசுக்குள் இன்னொரு பக்கமும் இருந்தது. "சண்டே ஸ்கூல் நாடகத்துல சாத்தான் வேஷத்துக்குத்தான் எங்களுக்குள்ள அடிதடியே நடக்கும். கொம்பு வைக்கலாம், கத்தலாம். ஒரு வருஷம் நானே போட்டேன். அப்ப எங்க ஆயர் கை தட்டுனாரு. இப்ப இவனை எந்த மூஞ்சியோட தடுக்க?"

பையன் கேட்ட கேள்வி வேறு: "எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தா, நான் யூனிஃபார்ம்ல போட்டோவுல எங்க நிப்பேன்?" வகுப்பில் அவனோடு சேர்த்து மூன்றே பேர்தான் கிறிஸ்தவப் பிள்ளைகள். 'எங்க வீட்டுல வேணாம்னாங்க' என்று எப்போதும் ஒதுங்கி நிற்கும் பிள்ளையாக அவன் வளர்வதில் அக்காவுக்கு விருப்பமில்லை.

வேஷம் போட்டு வீடு வீடாகப் போவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. தசரா சமயம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டவர்கள் காளி வேஷத்திலும் குரங்கு வேஷத்திலும் ஊர் ஊராகக் காணிக்கை வாங்குகிறார்கள். டிசம்பரில் கேரல் பாட வருகிறவர்களோடு கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். தெருவில் மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் மிட்டாய் வாங்கும். அவற்றுக்கு ஒரு வேண்டுதலோ ஒரு பிறப்போ காரணமாக இருக்கிறது. பள்ளிக்கூட ஹாலோவீனுக்கு என்ன காரணம் என்றால், மெசேஜின் கடைசி வரியைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. விருப்பம் இருந்தால் மட்டும் என்று இரண்டு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

வியாழக்கிழமை ராத்திரி அக்கா ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி, ஆரஞ்சு பெயின்ட் அடித்து, சிரிக்கிற வாய் வரைந்து பூசணிக்காய் செய்தார். அத்தை எட்டிப் பார்த்தார். "இது என்னத்தா, கட்டுற வீட்டுல திருஷ்டிக்குத் தொங்கவிடுற பூசணியா?" அவர் கேட்டதும் சரிதான். பல்லைக் காட்டும் நம்ம ஊர் திருஷ்டிப் பூசணிக்கும் அந்த ஐரிஷ் விளக்குக்கும் வேலை ஒன்றுதான்: கெட்டதை வாசலோடு விரட்டுவது. முணுமுணுத்துக்கொண்டே கழுத்துக் கயிற்றைக் கட்டிவிட்டது அத்தைதானாம்.

அதே ராத்திரி பக்கத்துத் தெரு அம்மாவிடமிருந்து மறுபடி மெசேஜ். "அக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பு போட்டு அனுப்ப எங்க மாமியார் ஒத்துக்க மாட்டேங்கிறாக. நீங்க என்ன பண்றீங்க?" அக்கா பூசணிக்காய் போட்டோவை அனுப்பினார். காலையில் பள்ளிக்கூட வேனில் இரண்டு அட்டைப் பூசணிக்காய்கள் ஏறின.

ஞாயிற்றுக்கிழமை நவம்பர் 2. ஆராதனை முடிந்து, தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய மூன்று பேரும் போனார்கள். மழைக்கு வேலிக்கருவை மண்டிக் கிடந்தது. அத்தை மல்லிகைச் சரத்தைப் போட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது பையன் மெதுவாகக் கேட்டிருக்கிறான். "அப்பத்தா, இங்க பேய் இருக்குமா?"

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. முள்ளு கிடக்கு. செருப்பப் போடுடா."