ஒப்பந்தத்தின் நடுவே விலையேற்றம் எதற்கு?

பிராட்பேண்ட் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாதக் கட்டணத்தை உயர்த்தும் வழக்கத்தை, பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்கொம் முற்றாகத் தடை செய்ய வேண்டும். 2025 ஜனவரி 17 முதல் அது நடைமுறைப்படுத்திய விதி பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

முந்தைய நிலைமை இதைவிட மோசம் என்பதை மறுப்பதற்கில்லை. பணவீக்க விகிதத்தோடு இன்னும் 3.9 சதவீதம் கூட்டுவோம் என்று பிடி (BT) நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்தது. 2023இல் அது 14.4 சதவீத உயர்வாக வீடுகளின் தலையில் விழுந்தது. இப்போதோ, புதிய விதிப்படி, ஏறப்போகும் தொகையைப் பவுணிலும் பென்ஸிலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நிறுவனங்களும் சளைக்கவில்லை, சதவீதத்தைக் கைவிட்டு, மாதக் கட்டணத்தில் ஆண்டுதோறும் 3 பவுண் கூடும் என்பதுபோல ஒரே தொகைக்கு மாறிக்கொண்டன. மாதம் 60 பவுண் கட்டுபவருக்கு அது 5 சதவீதம். 25 பவுண் கட்டுபவருக்கு 12 சதவீதம். மலிவான இணைப்பைத் தேடிப் போனவருக்குத்தான் சுமை கூடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரியில் மாதம் 28 பவுணுக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் எடுக்கிறீர்கள். ஒவ்வோர் ஏப்ரலிலும் 3 பவுண் ஏறும். முதல் மூன்று மாதம் 28, அடுத்த பன்னிரண்டு மாதம் 31, மீதி ஒன்பது மாதம் 34. மொத்தம் 762 பவுண். கடைசிவரை மாறாத 30 பவுண் என்று இன்னொருவர் தந்தால் மொத்தம் 720தான். ஆனால் விளம்பரத்தில் மலிவாகத் தெரிவது 28தான்.

இத்தனைக்கும் பிடி, ஸ்கை, டோக்டோக், வோடஃபோன் என்று பெயர் எதுவானாலும், லண்டனின் பல தெருக்களில் வீட்டுக்குள் வருவது பிடி குழுமத்தின் வலையமைப்பு நிறுவனமான ஓப்பன்ரீச் போட்ட அதே இணைப்புத்தான். விர்ஜின் மீடியா, ஹைப்பரொப்டிக், கொம்யூனிட்டி ஃபைபர் ஆகியவற்றின் சொந்த வலையமைப்பு எட்டாத இடங்களில், ஒப்பிட்டுப் பார்க்க மிஞ்சுவது பெரும்பாலும் விலை ஒன்றே. அந்த விலையே நழுவிக்கொண்டிருந்தால் எதை ஒப்பிடுவது?

புதிய ஃபைபர் வலையமைப்புக்கு முதலீடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஓப்பன்ரீச் மட்டும் 2026 இறுதிக்குள் 2.5 கோடி வீடுகளையும் வணிக இடங்களையும் எட்டுவதற்கு 1,500 கோடி பவுண் செலவிடும் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறும் என்பதை இன்றே பென்ஸ் கணக்கில் எழுதித் தர முடிகிறதென்றால், அது எதிர்பாராத செலவு அல்ல. விலையின் ஒரு பகுதி. அதை முதல் நாளே விலையில் சேர்த்துச் சொல்வதில் என்ன சிரமம்?

சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வு வந்தால், வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம். முன்பே எழுதிவிட்டால் அந்தக் கதவு அடைபடுகிறது. நடுவில் வெளியேற நினைப்பவர் மீதி மாதங்களைக் கணக்கிட்டு விலகல் கட்டணம் கட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல், புதிய நிறுவனத்திடம் சொன்னாலே போதும், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்ற வசதி வந்திருக்கிறது; ஒப்பந்தத்தில் சிக்கியிருப்பவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

முழுத் தடைக்கு ஒஃப்கொம் தயாராக இல்லையென்றால், குறைந்தபட்சம் இரண்டு காரியங்களையாவது செய்யட்டும். எழுதியதோ எழுதாததோ, எந்த உயர்வுக்கும் முப்பது நாள் அபராதமில்லா விலகல் உரிமை. விளம்பரங்களிலும் ஒப்பீட்டுப் பட்டியல்களிலும் மாதத் தொகைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்தத் தொகை.