அவள் தரப்பு எங்கே?

சித்தூரோ திருப்பதியோ, முஸ்லிம் குடும்பத்தில் கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போகிறார். பெரியவர்கள் தலையிடுகிறார்கள். தீராவிட்டால் விவகாரம் பள்ளிவாசல் ஜமாத்துக்குப் போகிறது. அங்கே அப்பாவோ அண்ணனோ பெண்ணுக்காகப் பேசுவார். சம்பந்தப்பட்ட பெண் மட்டும் பல நேரங்களில் அங்கு இருக்க மாட்டார்.

இதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்ட முடியாது. குர்ஆனின் 58-வது அத்தியாயத்தின் பெயரே 'வாதிடும் பெண்'. 'நீ எனக்குத் தாயைப் போல' என்று சொல்லிக் கணவன் தன்னை ஒதுக்கியதை நபிகளிடம் நேரில் சென்று முறையிட்டார் கவ்லா. இறைவன் அந்த முறையீட்டைக் கேட்டான் என்றுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவு செய்யும்படி சொல்கிறது 2-வது அத்தியாயம். பிணக்கு முற்றினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என இரண்டு நடுவர்களை வைக்கச் சொல்கிறது 4-வது அத்தியாயம்.

இந்த முறையைத்தான் உச்ச நீதிமன்றமும் 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில் நினைவூட்டியது. தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும். அதற்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்றது. 2017 ஆகஸ்ட் 22-ல் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019-ல் வந்த சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் அவசர தலாக்கைத் தடுக்கும் சட்டத்தால், நின்றுபோன பேச்சைத் தொடங்கிவைக்க முடியாது.

அதற்கு ஒரு வழி காட்டியது புதுக்கோட்டை. ஷரீஃபா கானம் முன்னின்று உருவாக்கிய பெண்கள் ஜமாத்தில் பெண்கள் தங்கள் வழக்கைத் தாங்களே சொன்னார்கள். தீபா தன்ராஜின் 2011 ஆவணப்படம் இதைப் பதிவு செய்திருக்கிறது.

சமரசம் என்றால் அடி உதையைப் பொறுத்துக்கொள் என்று அர்த்தமல்ல. கொடுமை செய்யும் கணவனிடமிருந்து மணவிலக்குக் கோர 1939-ம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும்.

மற்றப் பிணக்குகளில் ஜமாத்துகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. நடுவர்கள் முதலில் மனைவியிடம் தனியாகப் பேசட்டும். உருதோ தமிழோ தெலுங்கோ, அவருக்கு வாகான மொழியில் அவர் சொல்லட்டும். கணவனும் உட்கார்ந்து அதைக் கேட்கட்டும். தீர்ப்பு அப்புறம்.