வானின் மூளையை மாற்ற யாரிடம் அனுமதி கேட்க வேணும்?



இந்தக் கிழமை ஒலிப்பதிவில் வாகன மென்பொருள் பற்றிக் கதைக்கும்போது, "ஈசியூ மாத்துறது சின்ன வேலை, அதுக்குப் பிறகுதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். அந்தப் "பிறகு" பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய உதிரிப்பாகத்தை என் சொந்த வானோடு இணைக்க, வானைச் செய்த கம்பனியின் சேர்வரிடம் அனுமதி கேட்டு நிற்பது சரியில்லை. கள்ளருக்குப் பூட்டு வேணும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பூட்டின் திறப்பு ஒரே ஒரு கையில் இருக்கக் கூடாது.

ஈசியூ என்பது எஞ்சினுக்கான கொம்பியூட்டர். ஒரு தடித்த கொப்பி அளவு அலுமினியப் பெட்டி. உள்ளே ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், நினைவகச் சில்லுகள், இன்ஜெக்டர்களை இயக்கும் டிரான்சிஸ்டர்கள். சென்சர்கள் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் என்று முடிவெடுப்பது அதுதான். இது பழுதாகும் விதங்களும் சாதாரணமானவைதான்: தண்ணீர் போகும், குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு கனெக்டரை அரிக்கும், அதிர்வில் சோல்டர் வெடிக்கும், ஒரு டிரான்சிஸ்டர் எரியும்.

ஆனால் பெட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன் வயரைப் பார்க்க வேணும். எங்கட துறையில் சேர்வர் பிங்குக்குப் பதில் சொல்லவில்லை என்றவுடன் யாரும் மதர்போர்ட் வாங்க ஓடுவதில்லையே? யு0100 என்ற கோட் வந்தால், மற்ற மொடியூல்கள் ஈசியூவின் குரலைக் கேட்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் கேட்கவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது. பற்றரி பலவீனமாக இருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், எர்த் வயர் துருப்பிடித்திருக்கலாம். ஒரு மலிவான சென்சர் ஷோர்ட் ஆகி, எல்லாச் சென்சருக்கும் போகும் 5 வோல்ட்டைக் கீழே இழுத்தால் நல்ல ஈசியூவும் செத்ததுபோல் கிடக்கும். பி0606 என்றால் கதை வேறு. அது ஈசியூ தன் புரொசெசரைப் பற்றித் தானே கொடுக்கும் முறைப்பாடு. அப்போதும்கூட மின்சாரத்தையும் எர்த்தையும் மீற்றர் வைத்து அளந்த பிறகே பெட்டியில் கை வைக்க வேணும்.

போன குளிர்காலத்தில், ஸ்காபரோவில் கேட்டரிங் செய்யும் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையின் வானுக்கு இந்த வருத்தம் வந்தது. மெக்கானிக் கெட்டிக்காரன். எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். தண்ணீர் போய், கனெக்டர் பின்கள் பச்சை பிடித்திருந்தன. அதே பார்ட் நம்பர் உள்ள பழைய ஈசியூ ஒன்று ஸ்கிராப் யார்டில் 180 டொலருக்குக் கிடைத்தது. மாற்ற அரை மணித்தியாலம். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பிடித்தது, இரண்டு செக்கன் ஓடியது, நின்றது. திரும்பவும் அதே.

"அண்ணை, பெட்டி நல்லது. ஆனா அதுக்கு உங்கட வானைத் தெரியாது" என்றார் மெக்கானிக்.

விஷயம் இமொபிலைசர். திறப்பின் தலைக்குள் பற்றரி இல்லாத ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள் அதற்கு மின்சாரம் கொடுத்து ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் எஞ்சின் ஓட ஈசியூ சம்மதிக்கும். திறப்பும் இமொபிலைசரும் ஈசியூவும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேணும். கனடாவில் 2007 செப்டம்பர் 1 முதல் 4,536 கிலோவுக்கு உட்பட்ட புதிய வாகனங்களுக்கு இமொபிலைசர் கட்டாயம். நல்ல சட்டம். நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் அந்த அறிமுகத்தைச் செய்துவைக்கும் உரிமை யாரிடம்? டீலரிடம் கேட்டபோது, பாவித்த ஈசியூவை இணைக்க மாட்டோம், புதியதுதான் வாங்க வேணும் என்றார்கள். புதியது எப்போது வரும் என்றால், தெரியாது. வான் ஒன்பது நாள் நின்றது. கேட்டரிங் செய்பவருக்கு ஒன்பது நாளில் இரண்டு சனி ஞாயிறு வந்துவிடும். கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் சாப்பாடு கொடுப்பதாகச் சொல்லி முற்பணம் வாங்கிய மனிதர், வாடகை வானில் ஓடித் திரிந்தார். எங்கட சனத்தில் எத்தனை பேர் ஒரே ஒரு வானை நம்பித் தொழில் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கோ.

கடைசியில் தீர்த்து வைத்தவர் ஈசியூ திருத்தும் ஒரு தனி ஆள். பழைய போர்ட்டில் பின்கள்தான் போயிருந்தன. நினைவகச் சில்லு நல்லாக இருந்தது. அதில் இருந்ததைப் படித்து, 180 டொலர் பெட்டியில் எழுதினார். புதுப் பெட்டி தன்னைப் பழைய பெட்டி என்றே நினைத்துக்கொண்டது. வான் ஓடியது. எங்கட பாஷையில் சொன்னால் ஹார்ட் டிஸ்க் குளோன். ஆனால் பழைய சில்லும் எரிந்திருந்தால் இந்த வழியும் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் டிஜிட்டல் பூட்டுகளை உடைக்கத் தடை வந்தது. பாட்டையும் படத்தையும் பாதுகாக்க என்று சொல்லி வந்த தடை, மென்பொருள் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தியது. 2024 நவம்பர் 7ஆம் திகதி சி-244 என்ற மசோதா சட்டமானது. பழுது பார்க்கவும் பராமரிக்கவும் பூட்டை உடைத்தால் இனிக் குற்றமில்லை. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் உடைக்கும் கருவியைச் செய்து விற்பதற்கான தடை அப்படியே இருக்கிறது. சோறு சமைக்கலாம், பானை விற்கக் கூடாது என்பதுபோல. ஒரு கராஜ்காரர் தன் ஈசியூ கருவியைத் தானே உட்கார்ந்து எழுதுவாரா? அது எனக்கே மாதக்கணக்கான வேலை.

கம்பனிகள் இரண்டு பதில் சொல்கின்றன. முதலாவது, களவு. ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு வாகனக் களவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2024 பெப்ரவரியில் மத்திய அரசே அதற்கென்று ஒட்டாவாவில் உச்சி மாநாடு வைத்தது. ஆனால் இப்போது அதிகம் பேசப்படும் களவு முறைகளைப் பாருங்கோ. வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சிக்னலை நீட்டி எடுக்கிறார்கள், அல்லது முன்விளக்கு வயர் வழியாகக் கேன் பஸ்ஸுக்குள் பொய்ச் செய்தி அனுப்புகிறார்கள். பட்டப்பகலில் கராஜில் பெட்டி மாற்றுபவரைத் தடுத்தால் இவை நிற்காது. களவெடுத்த ஈசியூக்களின் சந்தையை இணைப்புப் பூட்டு குறைக்கும் என்பது உண்மை. அதனால்தான் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது, புகை. ஈசியூவைத் திறந்து விட்டால் ஆட்கள் மாசுக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள். சிலர் செய்வார்கள்தான். ஆனால் 2015 செப்டம்பரில் வெளிவந்த வொக்ஸ்வாகன் விவகாரத்தை மறக்க முடியுமா? உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி டீசல் வாகனங்களில், பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் மென்பொருள் இருந்தது. எழுதுவித்தது கம்பனியே. யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிய பெட்டிக்குள்தான் அது ஒளிந்திருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோட்டில் ஓட்டி, புகைக்குழாயில் அளந்த அளவுகளில் இருந்துதான் அது அம்பலத்துக்கு வந்தது. ஆகவே புகையை அளப்போம். திருத்துபவரைப் பூட்ட வேண்டாம்.

வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் செர்மி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தனியார் கராஜையும் அங்கு வேலை செய்பவரையும் விசாரித்து, டிஜிட்டல் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை வைத்து அவர் கம்பனிகளின் பாதுகாப்புச் சார்ந்த வேலைகளுக்குள் போகலாம், யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவும் இருக்கும். எங்கட நாட்டில் 2009இல் வாகன உற்பத்தியாளர்களும் பராமரிப்புத் துறையினரும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு, ஆனால் அது விருப்பத்தின் பேரில் நடப்பது. எனக்கு வேண்டியது மூன்று: உரிமையாளர் என்று நிரூபித்தவருக்கு, சான்றிதழ் உள்ள எந்தக் கராஜிலும், பாவித்த ஈசியூவையும் இணைக்கும் உரிமை, திருத்தும் கருவியை விற்கச் சட்ட அனுமதி, கம்பனி தன் சேர்வரை மூடினால் இணைக்கும் முறையை வெளியிட வேண்டிய கடமை. மென்பொருள் ஆதரவு பத்து வருடத்தில் முடியலாம், வான் இருபது வருடம் ஓடும்.

சட்டம் வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது: உங்கட ஈசியூவின் லேபிளை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கோ, ஹார்ட்வெயார் நம்பரும் சொஃப்ட்வெயார் நம்பரும் தெரிய. "ஈசியூ போட்டுது" என்று யாரும் சொன்னால், எங்கே எத்தனை வோல்ட் அளந்தீர்கள் என்று கேளுங்கோ. முக்கியமாக, புதியது வேலை செய்யும்வரை பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். உங்கட வானின் அடையாளம் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கட தொகுதி எம்பிக்கு சி-244இல் உள்ள அந்த ஓட்டையைப் பற்றி நாலு வரி எழுதுங்கோ. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடுங்கோ, அடுத்த ஒலிப்பதிவில் கதைப்போம்.