பெயரில் கறை, பாட்டில் உயிர்!

2021ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இணையவழி வெளிவந்து, பல கோடி முறை கேட்கப்பெற்ற பாட்டொன்றை அண்மையில் முதன்முறையாகக் கேட்டோம். பாடியோர் தீ என்னும் இளம்பெண்ணும், அரக்கோணத்துச் சொல்லிசைப் பாவலர் அறிவும். இசைப்பதிவை உருவாக்கியவர் சந்தோசு நாராயணன். திரைப்பாட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்காத நம் அன்பர்கள் பலர் இவர்களை அறிந்திரார். பாட்டின் பெயர் 'என்சாய் எஞ்சாமி'.

பெயரைக் கண்டதும் முகம் சுளிக்கின்றீர்களா? சுளிக்கத்தான் வேண்டும்! களிப்பு, உவகை, மகிழ்ச்சி, இன்பம் என இத்துணைச் சொற்கள் தமிழில் இருக்க, ஓர் ஆங்கிலச் சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டால்தான் தமிழ்ப்பாட்டு உலகச் சந்தையில் விலைபோகும் என்றெண்ணுவது அடிமையுள்ளத்தின் எச்சமே. இதனை மழுப்ப வேண்டுவதில்லை.

ஆயினும், பெயரோடு திரும்பிவிடுவார் பெரும்பொருளை இழப்பர். உள்ளே ஒலிப்பது உழவர் தமிழ். மண்ணும் மரமும் சிற்றுயிர்களும் அங்கு மாந்தர்க்கு உறவாய் நிற்கின்றன. நிலத்தைப் பண்படுத்திய கைகளே நிலமற்றுப் போன துயரம், நம் மூதாட்டியரின் ஒப்பாரியாய் எழுந்து நெஞ்சை அறுக்கின்றது.

அத்துயரம் கற்பனையன்று. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் மீண்டவர். பாட்டின் காட்சிப் படத்திலும் தோன்றுகின்றார். வெள்ளையர் காலத்தில் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டு, காட்டைத் தோட்டமாக்கிய மலையகத் தமிழரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாத்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. ஆடுமாடுகளைப்போல் தலையெண்ணிய இரண்டு அரசுகளும் அம்மக்களின் கருத்தை ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்று கேட்கப்படாத குரலைத்தான் இன்று ஒரு பேரன் உலகின் செவியில் அறைகின்றான்!

'சாமி' என்னும் சொல்லின் பிறப்பாய்வு ஒருபுறம் இருக்கட்டும். நிலக்கிழார் முன் கூலியாள் முதுகு வளைத்துச் சொன்ன சொல் அது. அதே சொல்லைப் பாட்டி தன் பேரனை வாரியணைத்துச் சொல்லும்போது, அடிமைத்தனம் உதிர்ந்து அன்பு மட்டுமே நிற்கின்றது. சொற்களுக்கு இத்தகைய மீட்சியைத் தருபவர் உழைக்கும் மக்களே.

தனித்தமிழன்பர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். தமிழ் அகரமுதலிகளில் மட்டும் வாழ்வதில்லை. களையெடுப்பிலும், தாலாட்டிலும், இழவு வீட்டிலும் வாழ்கின்றது. எழுதப்படாத அச்சொற்கள் ஒவ்வொரு மூதாட்டியோடும் புதைந்துபோகின்றன. அவற்றைத் தொகுத்தல் நம் கடன். உங்கள் ஊர்ப் பாட்டியின் ஒப்பாரியையும் தாலாட்டையும் இன்றே எழுதி வையுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள்.

இளம் பாவலர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் பாட்டியர் ஆங்கிலத்தைக் கடன்வாங்கி அழவில்லை, கடன்வாங்கிச் சிரிக்கவும் இல்லை. அடுத்த பாட்டுக்குப் பெயரையும் அவர்களிடமே கேளுங்கள்!