எடை நகராத நாட்களில் பொறுமை

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதும் வலிமையாக்குவதும் வெறும் உலகக் காரியம் என்று எண்ணுவோர் இன்னமும் நம்மிடையே உள்ளனர். வலிமையுள்ள இறைநம்பிக்கையாளரே இறைவனுக்கு அதிகம் உவப்பானவர் என்னும் கருத்தமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அங்கு சொல்லப்படும் வலிமையில் முதலிடம் ஈமானின் உறுதிக்கே என்று அறிஞர்கள் விளக்குவர். எனினும் உடல் வலிமையை அது விலக்கிவிடவில்லை. எனவே நம் பிள்ளைகள் மாலை நேரத்தைத் தெருமுனையில் கழிக்காமல் உடற்பயிற்சிக் கூடத்தில் கழிப்பது மகிழத்தக்கதே.

ஆனால் அந்தக் கூடத்தில் ஒவ்வோர் இளைஞனும் ஒருநாள் வந்து நிற்கும் ஓர் இடம் உண்டு. முதல் சில மாதங்கள் வாரந்தோறும் எடை ஏறும். பின்னர் ஒருநாள் அது நின்றுவிடும். பெஞ்ச் பிரஸில் 60 கிலோ என்றால் அடுத்த மாதமும் 60, அதற்கடுத்த மாதமும் 60. உடன் பயில்பவர்கள் முன்னே போய்விட்டதாகத் தோன்றும். அப்போதுதான், ‘ஓர் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் குரல் காதருகே கேட்கும். இந்தத் தேக்கத்தை உடைக்க வழி உண்டு என்பதையும், அந்த வழி ஊசியில் இல்லை என்பதையும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும்.

எடை ஏன் நிற்கிறது?

தொடக்கத்தில் வலிமை விரைந்து ஏறுவதற்குக் காரணம் தசை பெருத்தது மட்டுமன்று. இருக்கும் தசைகளை ஒருங்கே இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே அதில் பெரும்பங்கு. அந்தப் பாடம் ஓரளவு முடிந்தபின் புதிய தசை வளர்ந்தாக வேண்டும். அது மெதுவாகவே நிகழும். உடல் வலுப்பெறுவதும் எடை தூக்கும் நேரத்தில் அன்று. தூக்கியபின் உண்டு, உறங்கி, ஓய்வெடுக்கும் நேரத்தில். ஓய்வு குறைந்தால் களைப்பு மட்டுமே சேரும். அந்த நிலையில் இன்னும் கூடுதலாகத் தூக்க முயல்பவன் மேலும் பின்தங்குவான்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவூர்களில் வாழ்வோருக்கு இதனை விளக்கத் தறியே போதும். பாவு இறுக்கமாக இருந்தால்தான் துணி நெய்ய முடியும். ஆனால் ஒரு பகுதி நெய்து முடிந்ததும் நெசவாளர் பாவை இளக்கி, நெய்த துணியைச் சுருட்டி, மீண்டும் இழுத்துக் கட்டுகிறார். இளக்காமல் அடுத்த முழம் இல்லை. அளவுக்கு மீறி இழுத்தால் இழை அறுந்துவிடும். இளக்கும் நேரத்தை எந்த நெசவாளரும் வீண் என்று கருதுவதில்லை.

வெற்றியாளர்களுக்கும் வரும் தேக்கம்

வேலூரின் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அன்று அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. ஈராண்டு கழித்து ரியோ ஒலிம்பிக்கில் அவர் தூக்கியது 329 கிலோ. இரண்டு ஆண்டு உழைப்பின் கணக்கு ஏட்டில் ஒரு கிலோவாக நின்றது. அதன்பின் தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்று தொடைத் தசையில் காயமுற்றார். பதக்க நம்பிக்கையையே இழந்திருந்த அவர், 2018-இல் கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். முன்னைவிட 11 கிலோ குறைவு. ஆயினும் அன்று அவர் உடலால் இயன்றதும், களத்திற்குத் தேவைப்பட்டதும் அவ்வளவே.

மணிப்பூரின் மீராபாய் சானுவின் கதை இன்னும் தெளிவானது. 2017 உலகப் போட்டியில் ஸ்நாட்ச் முறையில் அவர் தூக்கியது 85 கிலோ. 2021-இல் டோக்கியோவில் வெள்ளி வென்றபோது 87. 2024 பாரிஸில் 88. ஏழு ஆண்டுகளில் மூன்று கிலோ! உலகின் முன்னணி வீராங்கனைக்கே இப்படியென்றால், ஆறு மாதம் பயின்ற நம் பிள்ளை மூன்று வாரத் தேக்கத்திற்கு மனம் உடைவது எதற்காக? அவர் அந்தத் தேக்கத்தின்போது சும்மா இருக்கவில்லை. 2020-இல் அமெரிக்கா சென்று, தோளிலும் முதுகிலும் இருந்த குறையைக் கண்டறிந்து அதற்கான பயிற்சி பெற்றார். அடுத்த ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 119 கிலோ தூக்கி உலகச் சாதனை படைத்தார். ஸபர் என்பது கைகட்டிக் காத்திருப்பது என்று எண்ணுவோருக்கு இதில் பாடம் உண்டு. குறையைத் தேடித் திருத்திக்கொண்டே காத்திருப்பதுதான் பொறுமை.

குறுக்குவழியின் முடிவு

சதீஷ் பங்கேற்ற அதே ரியோ 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் கஜகஸ்தானின் நிஜாத் ரஹீமோவ். 2022-இல், சோதனைக்குரிய சிறுநீரை மாற்றிக் கொடுத்த குற்றம் நிறுவப்பட்டு, அவருக்கு எட்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, தங்கமும் பறிபோனது. அதே போட்டியில் மூன்றாவதாக வந்தவர் எகிப்தின் முஹம்மது இஹாப். பிற வீரர்களின் ஊக்கமருந்துக் குற்றங்களுக்காக எகிப்து அணியே தடைசெய்யப்பட்டதால், இஹாப் டோக்கியோ செல்ல இயலவில்லை. ஏமாற்றியவரின் தவறு ஏமாற்றாதவரையும் சுட்டது. பெயரளவில் முஸ்லிம் நாடுகள் பலவும் இந்தப் பட்டியலில் இருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

நம் ஊர்ப் பிள்ளை ஒலிம்பிக் செல்லப் போவதில்லை. அவனை யாரும் சோதிக்கப் போவதுமில்லை. ஆனால் உடல் சோதித்துவிடும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் உடல் தன் ஆண்மைச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு குறைந்து மகப்பேறு தடைபடலாம். இதயத் தசை தடிக்கும், இரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் ஏறும், சினம் மிகும். வளரும் வயதில் எடுத்தால் எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்று உயரம் குன்றும். தம்மைத் தாமே அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்னும் அல்பகரா அத்தியாயத்தின் எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

செய்யத் தக்கவை

முதலாவது, இளக்குதல். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு வாரம் எடையைக் குறைத்து, சுற்றுகளைப் பாதியாக்க வேண்டும். பலருடைய தேக்கம் இந்த ஒன்றிலேயே நீங்கிவிடும்.

இரண்டாவது, சிறு அடி. பக்கத்திற்கு 1.25 கிலோ சேர்த்தால் 60 கிலோ 62.5 ஆகிறது, அதுவே நான்கு விழுக்காட்டிற்கு மேல். அரைக் கிலோ வட்டுகள் கிடைத்தால் 61-க்குச் செல்லலாம். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் நற்செயலே இறைவனுக்கு உவப்பானது என்று கற்றவர்கள் நாம். அந்த ஒழுங்கு இங்கும் பலன் தரும்.

மூன்றாவது, உணவு. வலிமைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 96 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பருப்பும் மீனும் தயிரும் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. விலையுயர்ந்த பவுடர் டப்பா கட்டாயமில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

நான்காவது, உறக்கம். இஷாவுக்குப்பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை என்று கற்ற நம் வீடுகளில், நள்ளிரவு ஒரு மணிவரை கைப்பேசி ஒளிர்கிறது. பின்பு ஃபஜ்ரும் தவறுகிறது, பயிற்சியும் தேங்குகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

ரமழானில் எடையைக் கூட்ட முயல வேண்டாம். நோன்பு திறந்தபின் வாரத்திற்கு இரண்டு மூன்று நாள், குறைந்த சுற்றுகளுடன் பயின்று, சேர்த்த வலிமையைக் காத்தால் போதும். ஷவ்வாலில் புதிதாகத் தொடங்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மகன் ஜிம்முக்குச் செல்வதற்குக் கட்டணம் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. என்ன தூக்குகிறாய், எங்கே நிற்கிறது, யார் என்ன தருகிறார்கள் என்று அன்போடு கேளுங்கள். அவன் எடுத்துவரும் மாத்திரையின் பெயரைப் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவனாயின் ஏசி விரட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் உண்மையை மறைக்காதிருக்கச் செய்யுங்கள். ‘இத்தனை மாதம் போயும் இவ்வளவுதானா?’ என்று வீட்டில் எழும் ஒரு கேலிச் சொல்லும் பிள்ளையை அந்த ஊசியிடம் தள்ளக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

எடை நிற்கலாம், ஒழுங்கு நிற்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு வலிமையான உடலையும், அதனை அமானிதமாகப் பேணும் அறிவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.