காவடி தெரியுது, மனுசன் முகத்தைக் காணோம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

எங்க தண்ணீர்ப் பந்தலுக்குப் பல வருசமா வந்துபோன ஒரு பெரியவர் அண்மையில காலமாயிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டினவர். தோட்டம் கைமாறினப்போ பிள்ளைகளோட ஈப்போவுக்கு வந்தார். வருசம் தவறாம புந்தோங் மாரியம்மன் கோயில்ல இருந்து கல்லுமலைக்குக் காவடி எடுப்பார். கருமக்கிரியை அறிவிப்புல போட ஒரு நல்ல படம் இருக்கான்னு அவர் மகள் எங்களைக் கேட்டாங்க. அதுக்கென்ன, நிறைய இருக்கேன்னு சொல்லிட்டோம்.

வாட்ஸாப் குழுவில தேடினா நாற்பது படத்துக்கு மேல வந்தது. நாக்குல வேல் இருக்கு, மயிலிறகு இருக்கு, முதுகுல கொக்கி இருக்கு. அவர் கண் ஒரு படத்துலயும் இல்லை. புருவத்துக்குக் கீழ ரெண்டு கறுப்புக் குழி, அவ்வளவுதான். கடைசியில ஐசி படத்தைப் பெரிசாக்கிப் போட்டாங்க. நாங்க அந்தப் பிள்ளை முன்னால தலைகுனிஞ்சு நின்னோம். ஏன்னா அந்த நாற்பதுல பாதிக்கு மேல எடுத்தது நாங்கதான்.

அதனால இது மத்தவங்களைத் திட்டுற பதிவு இல்லை. ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகணும்.

முதல்ல நிக்கிற இடம். இப்போ கேமரா தூக்குற பசங்க பலபேர் ரோட்டுல மண்டிபோட்டு, சிலபேர் படுத்தே, கீழ இருந்து மேல பாத்து எடுக்கிறாங்க. காவடி வானத்தை முட்டுற மாதிரி தெரியும், உண்மைதான். ஆனா மனுசனுக்குத் தாடையும் மூக்குத் துவாரமும்தான் மிஞ்சும். பத்துமலை முருகன் சிலை 140 அடி. அதை அண்ணாந்து பாக்கணும்னே கட்டினாங்க, அதுக்கு அந்தக் கோணம் சரி. அஞ்சரை அடி தாத்தாவுக்கு எதுக்குங்க? முகத்தை எடுக்கிறப்போ கேமரா அவங்க கண் உயரத்துல இருக்கட்டும். காவடியோட முழு உருவமும் வேணும்னா நெஞ்சு உயரத்துல பிடிச்சு, நாலு எட்டு பின்னால போங்க. பாட்டி நாற்காலியில உக்காந்திருந்தா நீங்களும் உக்காருங்க.

கிட்டப் போய் முகத்துல போனை நீட்டுறதும் தப்பு. கிட்டப் போகப் போக மூக்கு பெருத்து, காது பின்னால ஓடிடும். தள்ளி நின்னு போன்ல ரெண்டு மடங்கு வெச்சு எடுத்தா முகம் முகமா இருக்கும்.

அடுத்தது வெயில். நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்றது பன்னிரண்டு மணிக்கு இல்லை. தீபகற்பத்துல 1982 ஜனவரி 1-ல இருந்து கடிகாரம் அரை மணி நேரம் முன்னால ஓடுது. தைப்பூச நேரத்துல ஈப்போவில வெயில் கிளம்புறதே ஏழரை மணி வாக்கில, உச்சி ஏறக்குறைய ஒன்றரைக்கு. அதனால எட்டுல இருந்து பத்து வரைக்கும் சாய்ஞ்ச வெளிச்சம் கிடைக்கும். அது கண்ணுக்குள்ள போகும். பதினொன்றரைக்கு மேல எடுத்தா புருவ நிழல் கண்ணை மூடிடும். காவடி வளைவோட நிழலும் முகத்துல கோடு கோடா விழும். பெரியவர் படம் எல்லாம் அந்த நேரத்துல எடுத்ததுதான், பாத்துட்டோம்.

எங்க பேக்டரியில ஒரு பொருள்ல கீறல் இருக்கான்னு பாக்கணும்னா விளக்கை நேரா பிடிக்க மாட்டோம், பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிப்போம். சின்னக் கோடும் எழும்பி நிக்கும். முகமும் அப்படித்தான். காலை வெயில் பக்கத்துல இருந்து பட்டா அறுபது வருசத்துச் சுருக்கம் அத்தனையும் பேசும். சில அம்மாமாருக்கு அது பிடிக்காது, அவங்களை வெளிச்சத்துக்கு நேரா திருப்பி நிறுத்துங்க. இது ஸ்டூடியோக்காரங்க ரகசியம் ஒண்ணும் இல்லை.

மத்தியானம்தான் எடுக்க முடியும்னா நிழலுக்குக் கூப்பிடுங்க. ஆனா நீலக் கென்வாஸுக்கு அடியில வேணாம், முகம் நீலமாயிடும். இந்த விஷயத்துல எங்க பந்தலே குற்றவாளி! நிழலோட ஓரத்துல, வெளியைப் பாத்து நிறுத்துங்க. ஒருத்தர் வெள்ளைத் துண்டை நெஞ்சுக்குக் கீழ விரிச்சுப் பிடிச்சா வெளிச்சம் முகத்துக்கு ஏறி வரும், கண் திறந்துக்கும்.

இன்னொண்ணு, நம்ம நிறம். பின்னால வானம் வெளுத்துக் கிடந்தா கேமரா வானத்தைக் கணக்குல எடுத்து நம்மளைக் கரியாக்கிடும். கறுத்த முகம் படம் முழுக்க இருந்தா, இருட்டுன்னு நினைச்சு வெளுப்பாக்கிச் சாம்பல் பூசிடும். திரையில முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு, நேர்ல இருக்கிற நிறத்துக்குக் கொண்டு வாங்க. அப்புறம் அந்த அழகு பில்டர். தாத்தாவை வெள்ளைக்காரரா மாத்த யாரும் உங்களைக் கேட்கலை.

"அண்ணே, அலகைக் காட்டலைன்னா பக்தியோட உக்கிரம் எப்படித் தெரியும்?"னு ஒரு தம்பி கேட்டார். காட்டுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா அலகு குத்தினவர் அருள்ல இருக்கிறப்போ அவர்கிட்ட சம்மதம் கேட்க முடியாது. குத்துறதுக்கு முன்னால கேளுங்க, இல்லைன்னா கூட வர்ற குடும்பத்தைக் கேளுங்க. அந்தக் குடும்பத்துக்கு அலகு படம் ஒண்ணு போதும். முகம்தான் பின்னால தேடுவாங்க. தோட்டத்துல வாழ்ந்தவங்க பலபேருக்கு ஆபீஸ் முன்னால வரிசையா நின்ன கூட்டப் படமும் ஐசி படமும் தவிர வேற கிடையாது. அவங்களும் ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க.

வர்ற தைப்பூசத்துக்கு எங்க பந்தல் ஓரத்துல ஒரு நாற்காலியும் வெள்ளைத் துணியும் போடுறோம். காலை எட்டுல இருந்து பத்து வரைக்கும், காவடி இறக்கினவங்க, பால்குடம் எடுத்தவங்க, சும்மா கும்பிட வந்த தாத்தா பாட்டி யாரா இருந்தாலும் உக்காரலாம். காசு கிடையாது. படம் கழுவிக் குடும்பத்துக்கிட்ட கொடுத்துடுவோம். நல்லா எடுக்கத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க ரெண்டு பேர் வேணும், துண்டு பிடிக்க ஒருத்தர் வேணும். உள்பெட்டியில சொல்லுங்க.