பழைய மிஷின்களுக்கு ஜீர்ணோத்தாரணம்

திருச்சியில் ஆயுத பூஜை வந்துவிட்டால், ஆபீசுகளிலும் கடைகளிலும் உள்ள மோடம், ரௌட்டர், கம்ப்யூட்டர் முதலிய மிஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கற்பூரம் காட்டுகிறார்கள். அதே மிஷின் பழையதாகிவிட்டால் காயலான் கடையில் கிலோக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். தெய்வமென்று கும்பிட்டதைத் தராசில் வைக்கிறோமே என்று எந்தப் பக்தரும் வெட்கப்படுவதாகக் காணோம்.

கடைக்குப் போன பிறகு நடப்பதென்ன? செம்புக்காகக் கம்பிகளை எரிக்கிறார்கள். அந்த விஷப் புகையைச் சுவாசிப்பவர் பூஜையில் மந்திரம் சொன்னவரல்ல. வயிற்றுக்காகக் குப்பை பொறுக்கும் ஏழையும் அவன் பிள்ளைகளுமேயாவார்கள்.

காவேரிக்கு அக்கரையில் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் பல நூறு வருஷம் மொட்டையாய் நின்ற ராஜகோபுரத்தை 13 நிலையாக, 236 அடி உயரத்துக்கு எழுப்பி 1987-ல் முடித்தார்கள். கோவிலைப் பழமை கெடாமல் பழுது பார்த்ததற்காக 2017-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஆகவே, பழையதைக் காப்பாற்ற நம்மவர்களிடம் கைத்திறமைக்கும் பஞ்சமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால், 1986-ல் தொடங்கிய எர்னெட் வலையில் நம் நாட்டு உயர்தரக் கல்வி நிலையங்களை ஒன்றோடொன்று பேச வைத்த மிஷின்களுக்கும், 1995 ஆகஸ்ட் 15-ல் விதேஷ் சஞ்சார் நிகாம் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது டெலிபோன் கம்பியில் கீச்சிட்ட மோடம்களுக்கும் ஜீர்ணோத்தாரணம் செய்ய எத்தனை பேர் முன்வந்தார்கள்?

“பழங்குப்பையை வைத்துக் கும்பிடச் சொல்லுகிறீரா?” என்று சிலர் கேட்கலாம். கும்பிடச் சொல்லவில்லை, திறக்கச் சொல்லுகிறேன். பணக்காரர் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதும் இன்னொரு கர்ப்பக்கிரகமே தவிர வேறல்ல. 20 வருஷம் கிடந்த மிஷின் ஓடவில்லையென்றால், பெரும்பாலும் பவர் சப்ளையிலுள்ள கெப்பாசிட்டர் உப்பியோ வற்றியோ போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கிய மின்சாரத்தையும் போக்கிவிட்டு, சில ரூபாயில் வேறொன்று வைத்துப் பற்றவைக்கலாம். கோயாக்சியல் கேபிளில் வரிசையாய்க் கட்டிய பழைய வலையாயிருந்தால், இரண்டு முனையிலும் 50 ஓம் தடை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் போன சைகை முனையில் மோதித் திரும்பி வந்து வலை முழுவதையும் கெடுத்துவிடும். இதற்கு எலுமிச்சம்பழம் பரிகாரமாகுமா?

1969 அக்டோபர் 29-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் சேதி அனுப்பினார்கள். “லாகின்” என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டெழுத்துப் போனதும் எதிர்ப்பக்க மிஷின் படுத்துவிட்டது. யாரும் ராகு காலம் பார்க்கவில்லை. கோளாறைச் சரிசெய்து சுமார் ஒரு மணி நேரத்தில் முழுச் சொல்லையும் அனுப்பினார்கள். அந்தச் சேதியைக் கடத்திய மிஷினை அச்சர்வகலாசாலை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. மனிதன் தவறினான், தானே திருத்தினான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே தோழர்களே! நமது படிப்பகங்கள் கழித்துப்போட்ட மோடம், ஹப், ஸ்விட்ச்சுகளை எடை விலைக்கே வாங்கட்டும். ரிப்பேர் தெரிந்த தோழர் ஒருவரை ஞாயிறுதோறும் அழைத்து, பிள்ளைகள் கையில், முக்கியமாய்ப் பெண் பிள்ளைகள் கையில், திருப்புளியைக் கொடுங்கள். “தொடாதே, பார்க்காதே, கும்பிடு” என்று சொல்லித்தானே நம்மை இத்தனை காலம் வெளியே நிறுத்தி வைத்தார்கள்? மிஷின் விஷயத்திலும் அதே கதை நடக்க விடலாமா? வரும் ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பதை விட்டு, மூடியைக் கழற்றிக் காட்டுங்கள்.